போர் முடிந்து எத்தனை வருடம், அண்ணாவுக்கு இப்போதுதான் நித்திரை இல்லாமல் போயிருக்கிறது

தங்கச்சி73 | சுவிஸ்
ஞாயிறு, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. இதை வீட்டில் கேட்க முடியவில்லை. கோயிலில் கேட்டால் அடுத்த வெள்ளிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் இங்கே.

என் அண்ணா 1990இல் சுவிசுக்கு வந்தவர். அப்போது 22 வயது. முப்பது வருடம் ஒரே உணவகம். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, கடைசிப் பத்து வருடம் அடுப்படியில் நின்றார். கொரோனாவோடு கடையை மூடிவிட்டார்கள். பிறகு முழங்காலும் பழுதாகி, வீட்டோடு இருக்கிறார். கலியாணம் கட்டவில்லை. எங்களோடுதான்.

இரண்டு வருடமாக நித்திரை இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி சமையலறைக் கதிரையில் விளக்குப் போடாமல் இருப்பார். 'நெஞ்சு அடைக்குது' என்று இரண்டு தடவை அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு விளங்காத விசயம் வேறு. எங்கள் தெருவுக்குத் தபால் பதினொரு மணிக்கு வரும். அண்ணா பத்து மணியிலிருந்து கதவுக்குப் பின்னால் நிற்பார். பதிவுத் தபால் வந்து தபால்காரர் மணி அடித்தால் கை நடுங்கும், கையெழுத்துப் போட மாட்டார். நான்தான் ஓட வேண்டும். அவர் 2011இல் பிரஜாவுரிமை எடுத்தவர். "சிவப்புப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன பயம், யார் உங்களைப் பிடித்து அனுப்பப் போகிறார்கள்" என்று பகிடி விட்டேன். சிரிக்கவில்லை. அன்று முழுக்கக் கதைக்கவுமில்லை.

அவர் ஊரைவிட்டு வந்து 30 வருடத்துக்கு மேல். இவ்வளவு காலம் சும்மா இருந்தது இப்போது ஏன் வருகிறது?

வல்லையான் | ரொறன்ரோ
திங்கள், காலை 6:05

வேலை இல்லாமல் இருந்தால் எவருக்கும் இப்படித்தான். ஒரு பகுதிநேர வேலை பிடித்துக் கொடுங்கள், நடக்கச் சொல்லுங்கள். நாங்களும் செல்லடி பார்த்தவர்கள், பங்கருக்குள் இருந்தவர்கள். வந்து இரண்டு வேலை செய்தோம், ஏஜென்சிக் கடன் கட்டினோம், சகோதரிகளைக் கரைசேர்த்தோம், வீடு வாங்கினோம். டிப்ரஷன் எல்லாம் எங்கள் அப்பாமாருக்குத் தெரியாத சொல்.

கோப்பைகழுவி | பாரிஸ்
திங்கள், மதியம் 1:32

அப்பாமாருக்குச் சொல் தெரியாதுதான் அண்ணை. கள்ளுத் தவறணை தெரியும்.

நர்ஸ்அக்கா | ஸ்கார்பரோ
திங்கள், இரவு 9:48

தங்கச்சி, நான் மனநலப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ். வைத்தியர் இல்லை, மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அண்ணாவைப் போன்றவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே கட்டத்தில்தான் வருவார்கள்: வேலை நின்ற பிறகு, முதுகு போன பிறகு, பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போன பிறகு. இரண்டு ஷிப்ட் அடித்துவிட்டு வந்து விழுகிறவனுக்கு நினைக்க ஏது நேரம்? அந்தக் களைப்புத்தான் இத்தனை காலம் மருந்தாக இருந்திருக்கிறது.

எங்கள் ஆட்கள் 'எனக்கு மனம் சரியில்லை' என்று வருவதே இல்லை. நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, உடம்பெல்லாம் எரியுது. இதைக் கேட்டுவிட்டு இங்கே வைத்தியர்கள் படம் எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். ஒன்றும் இராது. துருவித் துருவிக் கேட்டால் 'கனக்க யோசனை' என்று ஒரு சொல் வரும். அந்த யோசனைக்குள்தான் எல்லாம் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராக இருந்த தயா சோமசுந்தரம் போர் பட்ட மனம் உடம்பு வழியாகப் பேசுவதைப் பற்றி எப்போதோ எழுதிவிட்டார். இங்கே இன்னும் இசிஜி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வல்லையான் அண்ணைக்கு ஒரு கணக்கு. மோர்ட்டன் பெய்சர் என்ற மனநல வைத்தியரின் குழு ரொறன்ரோத் தமிழர் சுமார் 1,600 பேரிடம் வீடுவீடாகக் கேட்டது. மூன்றில் ஒருவர் போரையோ அதுபோன்ற பயங்கரத்தையோ நேரே கண்டவர். நூற்றுக்கு 12 பேருக்கு வாழ்க்கையில் ஏதோவொரு கட்டத்தில் மனவடு நோய், அதாவது பட்ட பயங்கரம் மனத்தை விட்டுப் போகாத நோய், இருந்திருக்கிறது. அதாவது 500 பேர் இருக்கிற ஒரு கலியாண மண்டபத்தில் 60 பேர். நீங்கள் சொல்வதும் பொய்யில்லை, மிச்ச 440 பேர் சமாளித்தவர்கள்தான். ஆனால் அந்த 60 பேரும் அதே வரிசையில் நின்று அதே ரோல்ஸ்தான் சாப்பிடுகிறார்கள். முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

மெல்பேர்ன்வாசி | அவுஸ்திரேலியா
செவ்வாய், காலை 7:15

தங்கச்சி எழுதியதில் எல்லோரும் போரைப் பிடித்துக்கொண்டு தபாலை விட்டுவிட்டீர்கள். அண்ணா பயப்படுவது ஹெலிகொப்டர் சத்தத்துக்கு இல்லை. கடிதத்துக்கு.

90களில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் குழு இங்கே 196 தமிழரிடம் ஓர் ஆய்வு செய்தது. அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள், சாதாரணக் குடிவரவாளர்கள் என்று மூன்று வகை. மனவடு அறிகுறி ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் 20 வீதத்தை ஊரில் பட்டது விளக்கியது. 14 வீதத்தை இங்கே வந்த பிறகு பட்டது விளக்கியது. விசா இழுபறி, வேலை இல்லாமை, ஊரில் விட்டுவந்தவர்களைப் பற்றிய ஏக்கம், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், இவைதான் அந்த இரண்டாவது.

அந்த 20ஐ உலகத்தில் எந்த வைத்தியராலும் நடக்காததாக்க முடியாது. 14 அப்படியில்லை. அது ஓர் அலுவலகத்தில், ஒரு மேசையில், ஒருவருடைய பேனாவில் இருக்கிறது.

இங்கே 2012 ஓகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்தவர்களின் நிலை பலருக்குத் தெரிந்திருக்கும். விண்ணப்பம் போடவே வருடக்கணக்கில் விடவில்லை. பிறகு 'விரைவுப் பாதை' என்று ஒரு விசாரணை முறையைக் கொண்டுவந்து, அதில் பலருடைய கோரிக்கையை நிராகரித்தார்கள். அவர்கள் கையில் ஆறு மாத பிரிஜ்ஜிங் விசா என்ற இடைக்கால விசா. அது முடிந்தால் இன்னொன்று. சிலருக்கு வேலை செய்யும் உரிமை அதில் இருக்கும், சிலருக்கு இராது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தார்கள். நல்ல விசயம். நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்குள் வரவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் அப்படி இருக்கிறார். டைல் பதிக்கிறவர். கைத்தொலைபேசியில் இரண்டு கலண்டர் வைத்திருக்கிறார், ஒன்று மகனின் பள்ளிக்கு, மற்றது விசாவுக்கு. பிள்ளைக்கு 9 வயது, இங்கேதான் பிறந்தான். வீடு எடுக்கும்போது தரை விரிப்பு வாங்கவில்லை. "சுருட்டிக்கொண்டு போக ஏலாத சாமான் வேண்டாம்" என்றார். ஊர் ஊராக அடுத்தவன் வீட்டில் தரை போடுகிற மனிசன்.

2024 ஓகஸ்ட்டில் இந்த நகரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் உயிரை முடித்துக்கொண்டான். 23 வயது. படகில் வந்தபோது 12. பள்ளிக்கூடம் இங்கே, நண்பர்கள் இங்கே, பேச்சுவழக்கு இந்த நாட்டுப் பேச்சுவழக்கு. அவனை 'போர் மனவடு' என்று எழுதி மூடிவிட முடியுமா? (வாசிக்கும் யாருக்காவது அப்படி எண்ணம் ஓடினால் தனிய இருக்க வேண்டாம். இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தனிமடல் போட்டாலும் சரி.)

கோப்பைகழுவி | பாரிஸ்
செவ்வாய், இரவு 11:58

லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சேர்க்கிறேன். எங்கள் ஆள் ஒருவர், முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். தீர்ப்பில் பெயர் இல்லை, கேவி என்ற இரண்டு எழுத்துத்தான். சித்திரவதை என்றார். இல்லை, நீ அகதி அந்தஸ்துக்காக ஆள் வைத்துச் சுடுவித்துக்கொண்டாய் என்பது மற்றப் பக்கத்தின் வாதம். கீழ் நீதிமன்றங்கள் இவரை நம்பவில்லை. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டை ஏற்றது. தானாகக் கேட்டு இப்படிச் சுடுவித்துக்கொள்வது மிக மிக அரிது என்பதைக் கீழ் நீதிமன்றம் எடைபோட்டிருக்க வேண்டும் என்றது.

சுட்டவனை மறக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 'நீயே சுட்டுக்கொண்டாய்' என்றவனை எப்படி மறக்கிறது?

தங்கச்சி73 | சுவிஸ்
வியாழன், இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. மெல்பேர்ன் அண்ணா, நீங்கள் தபாலைப் பிடித்தது சரியான இடம். நேற்று கறிக்கு வெங்காயம் வெட்டும்போது நான் நேரே கேட்காமல், அந்தக் காலத்தில் காம்பில் எப்படி என்று கேட்டேன். அண்ணா வெட்டிக்கொண்டே சொன்னார். வேறு சந்தர்ப்பத்தில் சொல்லியிருக்க மாட்டார். கை வேலை செய்தால்தான் அவருக்கு வாய் வரும்.

1989 ஜூலையில் கூர் நகரத்தில் அகதிகள் இருந்த வீடு எரிந்து நான்கு தமிழர் இறந்தார்கள், பிள்ளைகளும் அதில். யார் செய்தது என்று இன்றுவரை துலங்கவில்லை. அண்ணா வந்தது அடுத்த வருடம். காம்பில் எல்லோருடைய வாயிலும் அந்தக் கதைதானாம். முதல் ஆறு மாதம் சப்பாத்துக் கழற்றாமல் படுத்தாராம். எங்களுக்கு அப்போது எழுதிய கடிதங்களில் 'இங்கு நான் மிக்க நலம், பனி வடிவாக இருக்கிறது' என்று இருக்கும். அம்மா அதை அயலெல்லாம் வாசித்துக் காட்டினவர்.

பிறகு விசாரணை. பிடித்துக்கொண்டு போன திகதி என்ன என்று முதல் நாள் கேட்டார்கள், சொன்னார். மாதங்கள் கழித்து இன்னொரு அறையில் இன்னொருவர் கேட்டார், வேறு திகதி சொல்லிவிட்டார். நிராகரிப்புக் கடிதத்தில் 'முரண்பாடு' என்று எழுதியிருந்ததாம். அதுவும் பதிவுத் தபாலில்தான் வந்தது. மேன்முறையீடு போட்டு 'என்' என்ற தற்காலிக அட்டையோடு பத்து வருடம். 94இல் சுவிசும் இலங்கையும் ஆட்களைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஒவ்வொரு தபாலும் தனக்கு வந்த கடைசித் தபால் என்றுதான் நினைப்பாராம். 2000இல் மனிதாபிமான நடவடிக்கை என்று, 92 முடிவதற்குள் வந்தவர்களுக்கு 'எஃப்' கொடுத்தார்கள், அதில் இவரும் தப்பினார். எஃப் என்றாலும் 'தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்' என்றுதான் அர்த்தம். அண்ணா சொன்னது இது: "ஆமி என்னைப் பதினேழு நாள் வைச்சிருந்தது. இவங்கள் பத்து வருசம் வைச்சிருந்தாங்கள். அடிக்கேல்லை, சாப்பாடு தந்தவங்கள், மரியாதையாக் கதைச்சவங்கள்."

இன்னொன்று. 95 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அப்பா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் செத்துப்போனார். நான் அப்போது ஊரில். அண்ணாவுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்ந்தபோது அந்தியேட்டியும் முடிந்து இரண்டு வாரம். வெங்காயம் வெட்டும்போது அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஞாபகம் வந்தது.

நர்ஸ்அக்கா | ஸ்கார்பரோ
வெள்ளி, காலை 5:40

இரவு வேலை முடிந்து வந்து இதை வாசித்தேன். திகதியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சித்திரவதை பட்டவருக்கு நாள், கிழமை, ஒழுங்கு குழம்புவது சாதாரணம். மணம் ஞாபகம் இருக்கும், சுவரின் நிறம் ஞாபகம் இருக்கும், செவ்வாயா வியாழனா என்று தெரியாது. சிகிச்சை அறையில் இதை நோயின் அடையாளம் என்று எழுதுவோம். விசாரணை அறையில் அதே குழப்பத்தைப் பொய்யின் அடையாளம் என்று எழுதுகிறார்கள்.

பெயர்வேண்டாம் | கனடா
வெள்ளி, இரவு 11:02

இந்த இழையில் எழுதலாமா தெரியாது. புதுப் பெயரில் வந்திருக்கிறேன்.

எல்லோரும் அரசாங்கத்தின் கடிதத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். என்னுடைய கடிதம் என் புருசனின் காருக்குள் பூட்டியிருந்தது.

2013இல் ஸ்பொன்சரில் வந்தேன். அந்தக் காலத்தில் கனடாவில் ஒரு சட்டம் இருந்தது, 2012இல் கொண்டுவந்து 2017இல் எடுத்துவிட்டார்கள். புதிதாகக் கட்டி வருகிறவள் ஸ்பொன்சர் செய்தவரோடு இரண்டு வருடம் சேர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர வதிவிடம் பறிபோகலாம். அடி, துன்புறுத்தல் என்றால் விலக்கு உண்டு என்று சட்டத்தில் இருந்ததாம். எனக்கு யார் சொன்னது? அவர் சொன்னது, "ஒரு போன் போதும், உன்னைக் கட்டுநாயக்காவில் இறக்கி விட்டிடுவாங்கள்."

முழுக்கைச் சட்டை மறைக்கிற இடத்தில்தான் அடிப்பார். மாமியிடம் சொன்னேன். "அவன் இயக்கத்துக்கும் ஆமிக்கும் நடுவில பட்ட பாடு உனக்குத் தெரியாது பிள்ளை, கொஞ்சம் பொறுத்துப் போ" என்றார். இரண்டு வருடத்தை நாள் எண்ணி இருந்தேன். 731ஆம் நாள் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மகளோடு வெளிக்கிட்டேன். (நடுவில் ஒரு நெட்டாண்டு இல்லை, ஆனாலும் ஒரு நாள் கூட்டியே எண்ணினேன். பயம்.)

இப்போது நல்லாக இருக்கிறேன். கேள்வி ஒன்றுதான். அவருக்கும் மனவடு என்று நீங்கள் சொல்வீர்களா?

வல்லையான் | ரொறன்ரோ
சனி, காலை 6:30

இருக்கலாம் தங்கச்சி. அந்தச் சண்டைக்குள்ளால் வந்தவனுக்குக் கோபம் வருவது இயற்கை. குடும்பம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

நர்ஸ்அக்கா | ஸ்கார்பரோ
சனி, காலை 8:12

அண்ணை, அந்த மனிதர் வேலைத்தலத்தில் மேற்பார்வையாளரை அடித்தாரா? சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரனை அடித்தாரா? பொலிசைக் கண்டு கத்தினாரா? சட்டைக் கை மறைக்கிற இடம் பார்த்து அடிக்கிறவருக்குத் தன்னை அடக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது, நன்றாகத் தெரிந்திருக்கிறது. மனவடு இருந்தால் வைத்தியம் இருக்கிறது. அது அவர் செய்ய வேண்டிய வேலை, மனைவி வாங்க வேண்டிய அடி இல்லை.

பெயர்வேண்டாம், நீங்கள் பொலிசுக்குப் போகாததும் எனக்கு விளங்குகிறது. ஒன்ராறியோவில் ஒருமுறை பொலிஸ் வந்து வழக்குப் போட்டால் மனைவி 'வேண்டாம், விடுங்கள்' என்றாலும் நிறுத்த முடியாது, அது அரச வழக்கறிஞரின் கையில். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த முறைதான். ஆனால் 'அவரை உள்ளே போட்டுவிட்டால் வாடகை யார் கட்டுவது, ஊரில் என்ன சொல்வார்கள், பிள்ளைகள் அமைப்பு வந்து பிள்ளையை எடுத்துவிடுமோ' என்று கணக்குப் பார்க்கிறவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிடுகிறாள்.

ஒஸ்லோபிள்ளை | நோர்வே
சனி, மாலை 4:44

பிள்ளைகள் அமைப்பு என்றதும் எனக்கு உடம்பு சில்லிட்டது. இங்கே எங்கள் வீடுகளில் 'பார்னவார்ன' என்ற சொல்லைப் பேய்க்குப் பதிலாகப் பயன்படுத்துவார்கள். நோர்வேயில் 1987இலேயே பிள்ளையை அடிப்பதைச் சட்டத்தில் தடை செய்துவிட்டார்கள். அப்பா அகப்பைக்காம்பை எடுத்தால் அம்மா முதலில் யன்னலைச் சாத்துவா, பிறகுதான் 'அடிக்காதையுங்கோ' என்பா.

நான் இங்கே பிறந்தவள், தமிழ் எழுதப் பழகியது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பிழை இருந்தால் மன்னிக்கவும். ஒரு விசயம் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. எனக்குப் பத்து வயது. அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அதாவது மொழிபெயர்க்க. வைத்தியர் "என்ன செய்கிறது" என்று கேட்டார். அம்மா சொன்னா, "எனக்கு உயிரோட இருக்கவே விருப்பமில்லை எண்டு சொல்லு." நான் நோர்வேஜிய மொழியில், "அம்மாவுக்குக் களைப்பாக இருக்கிறது" என்றேன்.

இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்தார். வரும் வழியில் அம்மா எனக்குப் பணிஸ் வாங்கித் தந்தா, நல்லாகக் கதைத்தாய் என்று.

அம்மா இன்று இருக்கிறா, நல்லாக இருக்கிறா. எனக்கு 34 வயது. அந்தச் சொல்லை நான் ஏன் மாற்றினேன் என்று இன்னும் யோசிக்கிறேன். மொழி தெரியாமல் இல்லை. 'சாவு' என்பதற்கு அந்த வயதிலேயே மூன்று சொல் தெரியும்.

நர்ஸ்அக்கா | ஸ்கார்பரோ
சனி, மாலை 7:03

பிள்ளை, அந்த அறையில் பிழை விட்டது பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்ட வைத்தியர் முதலில்.

மண்டபம்ராஜா | தமிழ்நாடு
ஞாயிறு, காலை 10:25

அயல்நாடு என்றதும் எல்லோரும் பனி விழுகிற நாடுகளையே சொல்கிறீர்கள். நான் பிறந்தது தமிழ்நாட்டில், முகாமில். எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, விசாரிக்கிறவரும் தமிழ்தான். 1991க்குப் பிறகு வீடு வாடகைக்குக் கேட்டால் 'சிலோன்காரங்களுக்கு இல்லை' என்பதையும் நல்ல தமிழில்தான் சொன்னார்கள். அப்பா அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார், வீட்டுக்குள்ளேயே.

கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும், அதனால் அக்கா பிரசவம் முடிந்த ஒன்பதாம் நாள் குழந்தையோடு வரிசையில் நின்றாள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், புதிய வீடுகளும் கட்டித் தந்தார்கள். அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் இங்கே பிறந்த எனக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், இலங்கை இல்லை. பி.இ. படித்துவிட்டு பெயிண்ட் அடிக்கிறேன். எனக்குப் போர் ஞாபகமே கிடையாது, நான் பார்க்கவில்லை. தூக்கம் மட்டும் சரியாக வராது.

கோப்பைகழுவி | பாரிஸ்
ஞாயிறு, இரவு 11:40

இதையும் சொல்லிவிடுவோம், திட்டினால் திட்டுங்கள். எல்லா அடியும் ஆமிக்காரன் அடித்ததில்லை. 2006இல் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் ஓர் அறிக்கை விட்டது, கனடாவிலும் லண்டனிலும் புலிகள் இயக்கத்தின் ஆட்கள் எங்கள் ஆட்களிடம் வீடு தேடி வந்து காசு கேட்டு மிரட்டியதைப் பற்றி. அறிக்கை வேண்டாம், எனக்கே தெரியும். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், மிக மரியாதை. போகும்போது, "தம்பி இன்னும் கிளிநொச்சியில்தானே?" என்றார்கள். அவ்வளவும்தான்.

என் காயத்தில் பாதி அந்தப் பக்கத்தால் வந்தது. இதை நான் விசாரணையில் சொல்லவில்லை, சொன்னால் 'நீயும் இயக்கமா' என்று என் ஃபைலை மூடிவிடுவான் என்ற பயம். எங்கள் ஆட்களிடம் சொன்னால் துரோகி. ஆகவே 25 வருடமாக என் கதையில் பாதியை விட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 9:00

மேலே உள்ள பதிவுக்கு வந்த நான்கு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். அரசியல் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே விடிய விடியப் பிடியுங்கள்.

வல்லையான் | ரொறன்ரோ
திங்கள், இரவு 10:51

நீக்கியதில் ஒன்று என்னுடையது. சரி, விடுவோம்.

எனக்கு இந்த வியாதி ஒன்றும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கனடா தினத்து வாணவேடிக்கைக்கு நான் போவதில்லை, உண்மை. அன்று இரவு நிலக்கீழ் அறையில் படுப்பேன். அது சத்தம் பிடிக்காததால். பேரப்பிள்ளை கேட்டான், வேர்க்கிறது என்று சொன்னேன்.

கோப்பைகழுவி | பாரிஸ்
செவ்வாய், காலை 12:15

சரி அண்ணை.

தங்கச்சி73 | சுவிஸ்
மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 9:35

நன்றியோடு ஒரு விபரம். நர்ஸ் அக்கா தனிமடலில் சொன்னபடி விசாரித்தேன். சித்திரவதையும் போரும் பட்டவர்களுக்கென்று இங்கே செஞ்சிலுவைச் சங்கம் பேர்ணில் 1995 முதல் ஒரு சிகிச்சை நிலையம் வைத்திருக்கிறது. லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில், மெல்பேர்னிலும் இப்படி இடங்கள் உண்டாம். இத்தனை வருடம் இங்கே இருந்திருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. எங்களுடைய குடும்ப வைத்தியர்தான் கடிதம் எழுதித் தந்தார். (கடிதம் என்றதும் அண்ணா கேட்ட முதல் கேள்வி, "பதிவுத் தபாலா?" சாதாரணத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டேன்.)

அண்ணா முதலில் மாட்டேன் என்றார். காரணம் விசர் என்று சொல்லிவிடுவார்கள் என்பது கூட இல்லை. மொழிபெயர்க்க வருகிறவர் யாராக இருக்கும் என்பதுதான். எங்கள் மாநிலத்தில் தமிழ் மொழிபெயர்க்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதில் ஒருவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார், மற்றவரிடம்தான் அண்ணா சீட்டுக் கட்டுகிறார். கடைசியில் மூன்று நிபந்தனை போட்டார். மொழிபெயர்ப்பாளர் வேறு மாநிலத்து ஆளாக இருக்க வேண்டும், தொலைபேசியில் மட்டும் வர வேண்டும், நான் அறைக்குள் இருக்கக்கூடாது. மூன்றுக்கும் ஓம் என்றார்கள்.

நேற்றுப் போனோம். நான் வெளியில் ஐம்பது நிமிடம் இருந்தேன். வந்தார், தொப்பியைப் போட்டார், "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். நானும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒஸ்லோபிள்ளை | நோர்வே
புதன், இரவு 9:52

மாமா இரவு நித்திரை கொண்டாரா அன்ரி?

தங்கச்சி73 | சுவிஸ்
புதன், இரவு 10:20

இல்லை பிள்ளை, இரண்டு மணிக்கு வழமைபோல எழும்பிவிட்டார். ஆனால் வரும்போது பஸ்ஸுக்குள் நித்திரையாகிவிட்டார், வாயைத் திறந்துகொண்டு. எழுப்ப மனம் வரவில்லை. எங்கள் தரிப்பைத் தாண்டி கடைசித் தரிப்பு வரைக்கும் போய்த்தான் இறங்கினோம்.